பாதிக் கண்ணாடி

“ரசம் போயிட்டு” என்று அப்பா சொன்னதும் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். காலையில் வைத்த ரசம் மத்தியானத்துக்குள் எப்படிப் போகும்? “மணத்திப் பாத்துதான ஊத்துனேன்” என்று முகம் சுண்டிவிட்டது அவளுக்கு. அப்பா சொன்னது சோற்றில் ஊற்றுகிற ரசத்தை இல்லை. மடியில் வைத்திருந்த பெட்டிக்குள் ஒரு கண்ணாடி இருந்தது, அதன் முதுகில் பூசிய ரசத்தை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஏன் என்று யோசிக்கிற வயதில்லை. எனக்குப் பத்து வயது.

அப்பா சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர். கப்பல் எந்த வழியில் போக வேண்டும் என்று பார்ப்பது அவர் வேலை. எங்கள் குடும்பத்தில் அவருக்கு முன்னால் கடலுக்குப் போனவர் கிடையாது. தென்னையும் வாழையுமாகக் கிடந்த ஆட்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் காணும் பொங்கலுக்குக் கால் நனைத்துவிட்டு வருவதோடு சரி. அந்தப் பெட்டியில் இருந்தது செக்ஸ்டன்ட். எங்களுக்கு அது வெறும் ‘பெட்டி’. விசிறியை விரித்தாற்போல ஒரு பித்தளைச் சட்டம், அதன் விளிம்பில் மயிரிழை மயிரிழையாக அளவுகள், கண்ணை வைத்துப் பார்க்க ஒரு குழல், இரண்டு கண்ணாடி. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. வானத்தில் நிற்கிற சூரியனை அந்த இரண்டு கண்ணாடியும் சேர்ந்து கீழே இறக்கி, கடலும் வானமும் சேர்கிற கோட்டின்மேல் உட்கார வைத்துவிடும். எவ்வளவு இறக்கினோம் என்பதை விளிம்பில் படித்துக் கணக்குப் போட்டால் கப்பல் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். ஜி.பி.எஸ். வந்து நிமிஷத்துக்கு நிமிஷம் இடம் சொல்லத் தொடங்கிய பிறகும், உச்சிவேளையில் ஒரு தடவை சூரியனை இறக்கிப் பார்க்காமல் அப்பாவுக்குச் சோறு இறங்காதாம்.

வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் அப்பா இல்லாத வீடு எங்களுடையது. என் வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் துபாயிலும் மஸ்கட்டிலும் இருந்தார்கள். ஆனால் அந்த அப்பாக்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணினார்கள். என் அப்பா துறைமுகம் வந்தால்தான் பேசுவார். நான் சொன்னது அங்கே போய்ச் சேருவதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவார். அம்மா பேச்சுக் குறைந்தவள். கூடப் பிறந்தது ஒன்றும் இல்லை. பள்ளிவிட்டு வந்தால் பீரோ கண்ணாடியில் நிற்கிறவளோடுதான் என் பேச்சு. டீச்சர் அடித்தது, இன்டர்வெல்லில் யாரும் விளையாட்டுக்குச் சேர்க்காதது எல்லாம் அவளிடம் சொல்வேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். பதிலுக்குத் தன் கதை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், கழுதை.

அந்தத் தடவை அப்பா மூன்று மாதம் முன்கூட்டியே வந்து இறங்கினார். ஏன் என்று நான் கேட்பேனா? குதித்தேன். இரண்டே நாளில் என் குதிப்பு அடங்கிவிட்டது. அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். முன்பெல்லாம் வந்ததும் தாடையைப் பிடித்துத் தூக்கி, “பல்லு விழுந்திருக்கே, எப்பம்?” என்று கேட்கிற மனிதர், இப்போது என் காதுக்குப் பக்கத்தில் இருக்கிற சுவரைப் பார்த்துப் பேசினார். சரி, சுவரைத்தானே பார்க்கிறார் என்று நான் சுவர்ப் பக்கம் நகர்ந்து நின்றால், அவர் பார்வை ஜன்னலுக்குப் போய்விடும். ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றால் நிலைப்படிக்குப் போகும். கணக்கில் மார்க் குறைந்ததுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, நான் கறுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அம்மாவின் பவுடரை அப்பிக்கொண்டு போய் எதிரே நின்றேன். அப்பா நிலைப்படியைப் பார்த்து, “என்ன மக்கா, நல்ல மணமா இருக்கு” என்றார்.

அப்பா இல்லாத வீட்டில் தனியாக இருந்து எனக்குப் பழக்கம் உண்டு. அப்பா இருக்கிற வீட்டில் தனியாக இருக்கத்தான் தெரியவில்லை. பீரோக்காரியிடம் சொல்லி அழுதேன். ஒரே ஒரு தடவை அப்பா என்னை நேராகப் பார்த்துவிட்டால் போதும், அதற்காக எது வேண்டுமானாலும் செய்யலாம் என்று இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் இந்த ரசம் போன சமாச்சாரம். மொட்டைமாடியில் உட்கார்ந்து குழலில் கண்ணை வைத்துப் பார்ப்பார், கண்ணாடியைத் துடைப்பார், மறுபடியும் பார்ப்பார். “கடக்காத்து தின்னுட்டு. மங்கிப் போச்சு. ரண்டையும் மாத்தணும்” என்றார். நான் எட்டிப் பார்த்தேன். பெரிய கண்ணாடியின் ஓரத்தில் எறும்பு ஒட்டியதுபோல இரண்டு மூன்று கறுப்புப் புள்ளிகள். மற்றபடி என் முகம் நெற்றி நாமம் முதற்கொண்டு பளிச்சென்று தெரிந்தது. “நல்லாத்தானப்பா தெரியுது?” என்றேன். “ஒனக்குத் தெரியும்” என்றார். குத்திக்காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு, தொம் தொம்மென்று படியிறங்கி வந்துவிட்டேன்.

கொச்சியில் இருந்த அவருடைய சிநேகிதர் ஒருவர் புதுக் கண்ணாடி இரண்டையும் பஞ்சு சுற்றி அனுப்பிவைத்தார். பார்சலைப் பிரித்த அன்று அப்பா என்னைக் கூப்பிட்டார். “ஏட்டி, இங்க வா. ஒன் கை வேணும்.”

என் கை வேணுமாம்! ஓடினேன். கண்ணாடியின் முகத்தில் விரல் படவே கூடாது, விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும் என்பது முதல் சட்டம். சிங்கப்பூரிலிருந்து எனக்கென்று அவர் வாங்கிவந்த நகப்பாலீஷைக் கொண்டுவரச் சொன்னார். உப்பு ஈரம் பின்னால் புகுந்து ரசத்தை அரிக்காமல் இருக்க, புதுக் கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி அதைத் தடவ வேண்டும். “ஒன் கைதான் சின்னது, நீ தடவு” என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டு தடவினேன். காய்ந்த பிறகு பெரிய கண்ணாடியைப் பிடித்திருந்த கவ்விகளை நெளியாமல் விலக்கி, பழையதை உருவி, புதியதை வைத்ததும் நான்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் தடவித் தடவி, அடுத்து என்ன, அடுத்து என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாட்டினால் போதாது, கண்ணாடி சாயாமல் நிற்க வேண்டும். அதற்கு ஒரு சோதனை உண்டு. பெட்டியிலிருந்து எடுத்த சட்டத்தை மேசையில் படுக்க வைத்து, பெரிய கண்ணாடிக்குள் சாய்வாகப் பார்க்க வேண்டும். சட்டத்தின் விளிம்பு வெளியேயும் தெரியும், கண்ணாடிக்குள்ளேயும் தெரியும். இரண்டும் ஒரே கோடாகச் சேர்ந்திருந்தால் சரி. முறிந்திருந்தால் பின்னால் உள்ள திருகைத் திருப்ப வேண்டும்.

“கோடு சேந்திருக்கா, முறிஞ்சிருக்கா?”

“முறிஞ்சிருக்குப்பா. உள்ள உள்ளது கொஞ்சம் தாழ.”

சின்னச் சாவியால் இம்மியளவு திருப்பினார். “இப்பம்?”

“இப்பம் ரொம்ப மேல ஏறிட்டு.”

“பைய... இப்பம்?”

“சேந்துட்டு! ஒரே கோடு!”

அப்பா ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. நான் சொன்ன இடத்தில் திருகை நிறுத்திவிட்டார். பெரிய பெரிய கப்பல்களுக்கு வழி சொல்கிற மனிதர், கணக்கில் முப்பத்தெட்டு வாங்கிய என் வாய்ச்சொல்லை நம்பிச் சாவியைக் கீழே வைக்கிறார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பீரோக்காரியிடம் நான் பீற்றிக்கொண்ட பீற்றலுக்கு அளவே இல்லை.

சின்னக் கண்ணாடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா திருவனந்தபுரம் பஸ் ஏறிவிட்டார். கப்பல் ஆபீஸ் சோலி, இரண்டு நாளாகும் என்றார். நான் சும்மா இருப்பேனா? பஞ்சை விலக்கிச் சின்னக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். பகீரென்றது. கண்ணாடியில் பாதிதான் ரசம். மறுபாதி வெறும் சில்லு, விரல் வைத்தால் அந்தப் பக்கம் விரல் தெரிகிறது. பெட்டியிலிருந்த பழையதைப் பார்த்தேன். அதிலும் அப்படியே பாதி இல்லை! அட, இதைத்தானே ரசம் போயிட்டு, ரசம் போயிட்டு என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்! புதிதென்று சொல்லி அதே கோளாறை அவர் தலையில் கட்டிவிட்டார்களே, பாவம், கப்பலில் போய்த்தானே கண்டுபிடிப்பார் என்று இருந்தது எனக்கு.

ரசம் போன கண்ணாடியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அய்யாவைக் கும்பிட நாங்கள் போகிற நிழல் தாங்கலில் சிலை கிடையாது. உள்ளே ஆளுயரக் கண்ணாடி, முன்னால் விளக்கு. கும்பிடுகிறவருக்கு அவரவர் முகமே தெரியும். அய்யா உனக்குள்ளேதான் இருக்கிறார் என்று அர்த்தம் என்பாள் அம்மா. அந்தக் கண்ணாடியின் கீழ்ப்பக்கம் ரசம் உதிர்ந்து, கொஞ்ச நாளாகக் கும்பிடப் போன யாருக்கும் கால் இல்லை. அதைக் கோட்டாற்றில் ஒரு கடையில் ரசம் பூசக் கொடுத்திருந்தார்கள். அதைத் திருப்பி எடுத்துவர, தாங்கலில் பணிவிடை செய்கிற மாமாவும் அம்மாவும் டெம்போவில் கிளம்பியது சரியாக அன்றைக்குத்தான். சின்னக் கண்ணாடியை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டு நானும் தொற்றிக்கொண்டேன். அய்யாவின் கண்ணாடிக்கே இதுதான் வைத்தியம் என்றால் அப்பாவின் கண்ணாடிக்கு மட்டும் வேறென்ன?

கடைக்கார பாய் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “புதுசா இது? பாதி பூசிட்டு பாதிய விட்டுட்டானே, கள்ளப்பய” என்றார். எனக்கு நிம்மதி. நான் கண்டுபிடித்தது சரிதான். மாமா தாங்கல் கண்ணாடியைச் சாக்கு வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா திரும்பி, “அப்பா குடுத்து விட்டதாட்டி?” என்று கேட்டதற்குத் தலையை எல்லாத் திசையிலும் ஆட்டிவைத்தேன். பாய் கண்ணாடியைக் கழுவி, கவிழ்த்துப் போட்டு, வெறும் பாதியின்மேல் இரண்டு குப்பியிலிருந்து எதையோ கலந்து ஊற்றினார். தண்ணீராக இருந்தது கட்டன் சாயாவாகி, அப்புறம் வெள்ளியாகிவிட்டது. அதன்மேல் சிவப்புப் பெயின்ட். காய்ந்ததும் திருப்பிக் காட்டி, “இப்பம் முழுசாத் தெரியுதியா?” என்றார். தெரிந்தேன். மூக்கோடு நின்றுபோயிருந்தவள் முழு முகமாகச் சிரித்தேன்.

அப்பா மறுநாள் திரும்பி வந்தார். சாப்பிடவில்லை. போன காரியம் என்னாயிற்று என்று அம்மா கேட்டதற்கு, “பாப்போம்” என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமை மத்தியானம்தான் சின்னக் கண்ணாடிக்கு வேளை வந்தது. “நீயே மாட்டு. ரசம் உள்ள பாதி சட்டத்துப் பக்கம் வரணும். வந்துட்டா?” என்று கேட்டார். “வந்துட்டு” என்றேன். பொய் இல்லையே! எப்படி வைத்தாலும் ரசம் உள்ள பாதிதான் அங்கே வரும். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். கடற்கரையில் குழலுக்குள் பார்த்ததும் ஆச்சரியப்பட்டு, ‘யாரு மக்கா இதச் செஞ்சது?’ என்று திரும்பி என்னைப் பார்ப்பார். நேராகப் பார்ப்பார். அதற்காகத்தானே இவ்வளவும்.

சாயந்திரம் சொத்தவிளைக் கடற்கரைக்குப் போனோம். அப்பா பைக்கை எடுக்கவில்லை. பஸ்ஸில் போனோம், போர்டைப் படிக்கச் சொன்னார், படித்தேன். கடற்கரையில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவித்த கடலைக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அப்பா தண்ணீர் ஓரமாக நின்று, செக்ஸ்டன்டைத் தூக்கி, குழலில் கண்ணை வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெகுநேரம் பார்த்தார். கையை இறக்கினார். மறுபடி ஏற்றினார். மற்றக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

“கோடு இல்ல” என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. “கோடே இல்ல.”

பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். செக்ஸ்டன்டை மடியில் போட்டுக்கொண்டார். “இவ்வளவு சீக்கிரமா” என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் மடியிலிருந்து அதை வாங்கி நானும் கண்ணை வைத்துப் பார்த்தேன். இரண்டு பாதியிலும் வானம். ஒரு துண்டு மேகம். கடலைக் காணோம். அவ்வளவு பெரிய கடல், எதிரே இரைந்துகொண்டிருக்கிறது, உள்ளே பார்த்தால் காணோம்!

“அப்பா, எனக்கும் தெரியல” என்றேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். “என்னது?”

“எனக்கும் கோடு தெரியலப்பா. வானம் மட்டும்தான் இருக்கு.”

“நெசமாவா? ஒனக்கும் தெரியலயா? நல்லாப் பாத்தியா?”

அந்தக் குரலில் அப்படி ஒரு ஆசை. நான் பாஸாகிவிட்டேன் என்று சொன்னபோதுகூட அவர் அப்படிக் கேட்டதில்லை. என் கையிலிருந்து பிடுங்கி, விரலே படக் கூடாது என்று அவர் சட்டம் போட்ட அந்தக் கண்ணாடியை முன்னும் பின்னும் தடவினார். முதுகில் நகத்தால் கீறினார். முழுக்கப் பெயின்ட். “ஏட்டி, என்னட்டி செஞ்ச?”

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கள்ளப்பய என்றதுவரைக்கும். அப்புறம் அப்பா சிரித்தார். ஐயோ, அது என்ன சிரிப்பு! கடலைக்காரி திரும்பிப் பார்த்தாள். சிரித்துச் சிரித்து அவர் கண்ணிலிருந்து கொட்டியது. “கொள்ளாம் மக்கா, கொள்ளாம்” என்று என் தலையைப் பிடித்து ஆட்டினார். அந்தப் பாதி வெறும் சில்லாகத்தான் இருக்க வேண்டுமாம். ரசம் உள்ள பாதி சூரியனைக் காட்டும். வெறும் பாதி வழியாகத்தான் கடலைப் பார்ப்பது. “ரண்டையும் பூசிட்டா கடலு எங்க இருந்து தெரியும்?”

பழைய கண்ணாடி பெட்டியிலேயே இருந்தது. அங்கேயே மணலில் உட்கார்ந்து அதை மாட்டவைத்தார். பிறகு என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கோடு இருந்தது, ரூல் தடி வைத்து இழுத்ததுபோல. சூரியனை இறக்கு, தொட்டதும் சொல்லு என்றார். சிவந்த சூரியன் நான் கையை நகர்த்த நகர்த்த இறங்கி வந்தது. தொட்டுட்டு என்று கத்தினேன். அளவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். கண்ணை மூடியிருந்தார். எனக்குச் சொல்லித் தருகிறார் என்றுதான் நினைத்தேன். அதை வாங்கி அவர் மறுபடி பார்க்கவே இல்லை. ஆச்சரியமும் படவில்லை, திரும்பி என் முகத்தை நேராகப் பார்க்கவும் இல்லை. பஸ்ஸுக்கு நடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அப்பா கப்பலுக்குப் போகவில்லை. கல்யாண வீட்டில் யாராவது ஏன் என்று கேட்டால், “எங்க போக? எம் மக கண்ணாடி பூரா ரசத்தப் பூசிக் கப்பல நிறுத்திட்டா” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சொந்தக்காரர்களிடையே எனக்குக் ‘கப்பல நிறுத்துனவ’ என்றே பேராகிவிட்டது. நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் அது விளையாட்டாக இல்லை. உண்மையாகவே என்னால்தான் போகவில்லை என்று நம்பினேன். என்னைப் பார்க்க வைப்பதற்காக ஒரு மனிதரின் கப்பலையே நிறுத்திவிட்டேன். நிறுத்தியும் என்ன, அவர் தோப்பையும் சுவரையும் ஜன்னலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதை யாரிடம் சொல்ல? பீரோக்காரிக்கும் எனக்கும் அதற்குள் பேச்சு நின்றுபோயிருந்தது.

பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல், அப்பாவுக்குத் துணையாக நான் திருவனந்தபுரம் போனேன். கப்பல் ஆபீஸ் என்று அவர் சொல்லிவந்த இடம் ஒரு கண் ஆஸ்பத்திரி. அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார், அவர் எதிரே அதே ஃபைல். முதல் தாளில் இருந்த தேதி எனக்குப் பத்து வயதான வருஷம். கண்ணாடியில் குறை இருந்ததே இல்லை. அப்பாவின் இரண்டு கண்ணிலும் நடுப் பார்வை அழிந்துகொண்டிருந்தது, அதனால்தான் கப்பலில் இருந்து இறக்கிவிட்டார்கள். கோடு சேர்ந்ததா என்று என்னிடம் கேட்டது, அவருக்குத் தெரியாததால் கேட்டது. டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டு, நடுவில் பேனாவால் கறுப்பாக அடித்துக் காட்டினார். இந்த இடத்தில் ஒன்றும் தெரியாது, ஓரத்தில் மட்டும் தெரியும். ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நேரே பார்க்கக் கூடாது, கொஞ்சம் தள்ளிப் பார்க்க வேண்டும், உங்க அப்பா அதை ரொம்ப முன்னாலேயே தானாகப் பழகிக்கொண்டார் என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் என் காதுக்குப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்தார். “என்ன மக்கா சொன்னாரு?” என்று கேட்டார். நான் சுவர்ப் பக்கம் நகரவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பவுடர் அப்பிக்கொண்டு நின்ற அந்தப் பத்து வயதுக்காரிக்கு இது தெரிந்திருக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்த போதெல்லாம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சுவர்ப் பக்கம் நகர்ந்து, ஜன்னலை மறைத்து, அவர் பார்வைக்கு நேரே போய்ப் போய் நின்று, ஒவ்வொரு தடவையும் அவருக்குக் காணாமல் போயிருக்கிறேன்.